ரெக்கார்டு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் மின்னணுவியல் துறைத் தலைவர்களுக்கும், அனலாக் லேப் நடத்தும் ஆசிரியர்களுக்கும், பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கோயம்புத்தூரில் எடை இயந்திரங்களுக்கும் சில தொழிற்சாலை அளவுக் கருவிகளுக்கும் சர்க்யூட் போட்டுப் பிழைக்கிறவன் நான். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. உங்களிடம் படித்து முடித்து நேராக வேலை தேடி வருகிற பிள்ளைகள் ஐந்தாறு பேரையாவது வருடா வருடம் நேர்முகத்தில் பார்க்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களைப் பற்றிக் குறை சொல்ல இந்த மடல் இல்லை. அவர்கள் லேபில் பழகிவந்த ஒரு வரிசையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் வைக்கும் சோதனை ரொம்பச் சின்னது. மேசைமேல் ஒரு 741 (சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசி), ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிளஸ் மைனஸ் 15 வோல்ட் சப்ளை, சிக்னல் ஜெனரேட்டர், அலையைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ. பத்து மடங்கு பெருக்கும் இன்வெர்டிங் ஆம்ப்ளிஃபையர். இரண்டாம் வருடத்திலேயே எல்லோரும் செய்துவிட்டு வந்தது. "20 கிலோஹெர்ட்ஸில் 1 வோல்ட் பீக் சைன் கொடுத்தால் என்ன வரும்?" என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் பேனாவைத் தொடுவதில்லை. லேப்டாப்பைத் திறந்து சிமுலேட்டரில் படம் போட்டு, எந்த ஃப்ரீக்வென்சியில் எவ்வளவு பெருக்கும் என்று காட்டும் ஏசி அனாலிசிஸை ஓட்டுகிறார்கள். கோடு 90 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போய்த்தான் சரிகிறது. "20ல ஃபிளாட்டா இருக்கு சார். 10 வோல்ட் சைன் வரும்."

பிரெட்போர்டில் மாட்டினால் வருவது முக்கோணம். உச்சியும் 10 வோல்ட் இல்லை, 6 வோல்ட்டும் சொச்சமும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு வருத்தம். "ஐசி போயிருச்சு சார்" என்று வேறு ஐசி மாற்றுகிறார்கள். அதுவும் அப்படியே. ஒயரைப் பிடுங்கி மறுபடி குத்துகிறார்கள். கடைசியில் ஜெனரேட்டரை 1 கிலோஹெர்ட்ஸுக்குத் திருப்புகிறார்கள், அழகான சைன் வருகிறது, முகம் மலர்கிறது: "வந்துருச்சு சார்!" 'அவுட்புட் வந்துருச்சு' என்பது நமது லேப்களின் மங்களம். அதைப் பாடிவிட்டால் கச்சேரி முடிந்தது.

ஐசி போகவில்லை. 741ன் வெளியீடு ஒரு மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட்டுக்கு மேல் ஏற முடியாது. 10 வோல்ட் உச்சி உள்ள சைன், 20 கிலோஹெர்ட்ஸில், பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் மைக்ரோ விநாடிக்கு 1.26 வோல்ட் கேட்கிறது. இவ்வளவுதான் கணக்கு. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். அரைச் சுற்றுக்கு 25 மைக்ரோ விநாடி, அதற்குள் ஏற முடிந்தது 12.5 வோல்ட், மேலும் கீழுமாகப் பங்கிட்டால் 6.25. சி.ஆர்.ஓ.வில் வந்த அதே எண்.

சிமுலேட்டர் பொய் சொன்னதா என்றால் இல்லை. ஏசி அனாலிசிஸ், சர்க்யூட் ஓய்வாக நிற்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கே எல்லாவற்றையும் நேர்கோடாக்கிவிட்டுக் கணக்குப் போடுகிறது. அதற்கு 1 வோல்ட்டும் ஒன்றுதான், 1,000 வோல்ட்டும் ஒன்றுதான். 15 வோல்ட் சப்ளையில் 10,000 வோல்ட் வெளியீடு வந்ததாகக் கூசாமல் வரைந்து கொடுக்கும். கேட்டிருக்க வேண்டியது, நேரம் நகர நகர வெளியீடு எப்படி மாறுகிறது என்று காட்டும் டிரான்சியன்ட் அனாலிசிஸ். அதிலும் லைப்ரரியில் கிடைக்கும் ஐடியல் ஆப்-ஆம்ப்பைப் போடாமல் 741க்கான மாடலைப் போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டால் திரையிலேயே முக்கோணம் தெரிந்திருக்கும். எந்தக் கேள்வியை எந்த அனாலிசிஸிடம் கேட்பது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. எந்தப் பட்டனை அழுத்துவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

என் கோரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சோதனைக்கும் ரெக்கார்டு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில், கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் கையால் போட்ட கணக்கு. இரண்டாவதில் சிமுலேஷன் சொன்னது. மூன்றாவதில் மீட்டரும் சி.ஆர்.ஓ.வும் காட்டியது. மூன்றுக்கும் கீழே, மூன்றும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மாணவர் எழுதும் நான்கு வரி. மார்க்கில் பாதியை அந்த நான்கு வரிக்குக் கொடுங்கள்.

இப்போது நடப்பது வேறு என்பது உங்களுக்கும் தெரியும். நான் படித்த காலத்தில் எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் ரீடிங்கை மாடல் கிராஃபிலிருந்து பின்னோக்கி எழுதினோம். நானும்தான். ஃபார்முலாவில் வந்த எண்ணோடு கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் கழித்து, 'இயற்கையாக' இருக்கட்டும் என்று ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு புள்ளியை விலக்கி வைப்பேன். அந்த ரெக்கார்டைப் பார்த்த எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்), "நீட்டா எடுத்திருக்கீங்க" என்றார். வேலைக்குப் போன முதல் வருடத்தில் அந்தப் பாராட்டுக்கு வட்டியும் முதலுமாகக் கட்டினேன்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மளிகைக் கடைக்கான 10 கிலோ எடை இயந்திரம். எடையை மின்னழுத்தமாக மாற்றும் லோட் செல்லின் உணர்திறன், ஒரு வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கு 2 மில்லிவோல்ட். 5 வோல்ட் கொடுத்தோம். அப்படியானால் 10 கிலோவுக்கு 10 மில்லிவோல்ட். கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட். இந்தக் கடைசி வரியை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

அதைப் பெருக்க, விலை குறைவு என்று எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப்பைப் போட்டேன். சிமுலேஷனில் எல்லாம் கண்ணாடி மாதிரி. பூஜ்ஜியத்தில் பூஜ்ஜியம், 10 கிலோவில் முழு அளவு, நடுவில் நேர்கோடு. பலகை செய்து மேசையில் வைத்துப் பார்த்தோம், அங்கேயும் சரி. எல்எம்358ன் ஆஃப்செட் (உள்ளீடு பூஜ்ஜியமாக இருந்தாலும் ஐசி தானாகச் சேர்க்கும் பிழை) சில மில்லிவோல்ட் இருக்கும், அதாவது சில கிலோ. ஆனால் ஆன் செய்யும்போது வெறும் தட்டின் அளவைக் கழித்துவிடும்படி மென்பொருளில் எழுதியிருந்ததால் அது கண்ணில் படவேயில்லை. கடைகளுக்குப் போனது. இரண்டு வாரத்தில் ஒரு அண்ணாச்சியிடமிருந்து ஃபோன்: "தம்பி, காலையில சரியாத்தான் இருக்கு. மத்தியானம் வெறும் தட்டு நூறு கிராம் காட்டுது. கஸ்டமர் என்னைய ஒரு மாதிரி பாக்குறான்."

போய்ப் பார்த்தேன். தகர ஷெட். மதியம் பெட்டிக்குள் சூடு 40 டிகிரிக்கு மேல். எல்எம்358ன் ஆஃப்செட் டிகிரிக்கு 7 மைக்ரோவோல்ட் நகரும் என்று டேட்டாஷீட்டில் சாதாரண மதிப்பாகவே போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து 14 டிகிரி ஏறினால் 98 மைக்ரோவோல்ட். நான் எழுதாமல் விட்ட வரியின்படி 98 கிராம். அண்ணாச்சி சொன்ன நூறு கிராம், டேட்டாஷீட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

சிமுலேஷன் ஏன் காட்டவில்லை? இந்த சிமுலேட்டர்களுக்கு அடிப்படையான ஸ்பைஸ் புரோகிராமின் உலகத்தில், நாம் மாற்றாதவரை, எப்போதும் 27 டிகிரிதான். சித்திரையும் கிடையாது, தகர ஷெட்டும் கிடையாது. சரி, வெப்பநிலையை மாற்றி ஓட்டியிருந்தால்? அப்போதும் காட்டியிருக்காது. நான் பயன்படுத்திய ஆப்-ஆம்ப் மாடலில் ஆஃப்செட் நகர்வு என்ற ஒன்றே இல்லை. ஆப்-ஆம்ப் மாடல் என்பது உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் எல்லாவற்றின் பிரதி அல்ல. வெளிநடத்தையைச் சில சோர்ஸ்களையும் டையோடுகளையும் வைத்து நடிக்கவைக்கும் மேக்ரோமாடல். 1974ல் பாயிலும் பெடர்சனும் மற்ற இருவரும் 741க்குச் செய்துகாட்டிய வழி. எதை நடிக்கவைக்க வேண்டும் என்பது அதை எழுதியவரின் முடிவு. எழுதாததை அது நடிக்காது. மாடல் ஃபைலைத் திறந்தால் தலைப்பிலேயே எதெதெல்லாம் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பல நேரம் எழுதியிருப்பார்கள். அதைத் திறந்து படிக்கச் சொல்லி எந்த லேபிலும் நான் கேட்டதில்லை.

அந்த பேட்ச் முழுவதையும் திரும்ப வாங்கி, ஆஃப்செட்டைத் தானே திருத்திக்கொள்ளும் சாப்பர் வகை ஐசிக்கு மாற்றினோம். அப்போதும் சில கிராம் மிச்சமாக ஆடியது. ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் லோட் செல் கனெக்டரை வைத்திருந்தேன். செம்பும் வேறு உலோகமும் சேரும் இடத்தில் சூடு ஏறினால் அங்கேயே மைக்ரோவோல்ட்கள் பிறக்கும். நாம் பாடத்தில் தெர்மோகப்பிள் என்று தனி அத்தியாயமாகப் படித்துவிட்டு மறந்தது. இதுவும் திரையில் வராது, பலகையில் கைவைத்தால்தான் வரும்.

இதையெல்லாம் சொல்வதால் என்னை சிமுலேஷன் எதிர்ப்பாளன் கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். அப்படி ஒரு கட்சி உண்டு. நேஷனல் செமிகண்டக்டரில் இருந்த பாப் பீஸ், 2011ல் காலமானவர், ஸ்பைஸை நம்பாதே என்று கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தார். ரசித்துப் படித்திருக்கிறேன். ஆனால் நான் தினமும் சிமுலேட்டர் ஓட்டுகிறவன். 5 சதவீத ரெசிஸ்டர் இரண்டைப் போட்டால் பத்து மடங்கு என்பது 9.05க்கும் 11.05க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். இரண்டு ரெசிஸ்டருக்குக் கையால் போடலாம், முப்பது ரெசிஸ்டருக்கு, மதிப்புகளைக் குலுக்கிப் போட்டுப் பலமுறை ஓட்டும் மான்டி கார்லோதான். கெபாசிட்டிவ் லோடில் லூப் நிலையாக நிற்குமா என்று பார்க்க, ரெசிஸ்டர்களிலிருந்து பிறக்கும் இரைச்சலைக் கூட்டிப் பார்க்க, எனக்கு அதைவிட நல்ல துணை இல்லை. சிப் வடிவமைக்கிறவர்களுக்கோ வேறு வழியே கிடையாது. 130 நானோமீட்டரில் பிரெட்போர்டு ஏது? ஸ்கெமாட்டிக், தயாரிப்பின் ஏற்ற இறக்கங்களைப் பார்க்கும் கார்னர்கள், லேஅவுட், அதன் விதிகளைச் சரிபார்க்கும் டிஆர்சி, அதை ஸ்கெமாட்டிக்கோடு ஒப்பிடும் எல்விஎஸ், ஒயர்களின் கெபாசிட்டன்ஸைப் பிரித்தெடுத்து மறுபடி ஓட்டுவது என்று அவர்களின் மூன்றாவது கட்டம் பல மாதம் கழித்துத்தான் நிரம்புகிறது. அதனாலேயே முதல் கட்டத்தில் அவர்கள் கெடுபிடியாக இருக்கிறார்கள்.

மூன்று கட்டம் என்றால் எப்போதும் சிமுலேஷன்தான் தோற்கும் என்றும் இல்லை. தானாகவே சைன் அலை உண்டாக்கும் வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட்போர்டில் சப்ளை கொடுத்ததும் ஆடத் தொடங்கும். திரையில் நேர்கோடு. மாணவர் பயந்துபோய் நண்பனின் ஃபைலை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். காரணம் அழகானது: நிஜ சர்க்யூட்டில் இரைச்சல் இருக்கிறது, அந்தச் சின்ன நடுக்கத்திலிருந்து ஆட்டம் வளர்கிறது. டிரான்சியன்ட் அனாலிசிஸில் நாமாகச் சேர்க்காதவரை இரைச்சல் இல்லை, தூண்ட ஆளில்லாமல் அது அப்படியே நிற்கிறது. சப்ளையைப் பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றியோ ஒரு கெபாசிட்டருக்கு ஆரம்ப வோல்டேஜ் கொடுத்தோ தட்டிவிட வேண்டும். ஆட்டம் தொடர்வதற்கான பார்க்ஹௌசன் நிபந்தனையை மனப்பாடம் செய்த ஒருவருக்கு இந்த ஒரு வித்தியாசத்தை விளக்கச் சொன்னால் அந்தப் பாடம் உடம்பில் ஊறிவிடும். இப்போது அதை 'எரர்' என்று சொல்லி மூடிவிடுகிறோம்.

'சிங்குலர் மேட்ரிக்ஸ்' என்று சிமுலேட்டர் கத்துவதும் இந்த வகைதான். ஒரு நோடுக்கு (சர்க்யூட்டின் இணைப்புப் புள்ளிக்கு) கெபாசிட்டர் வழியாக மட்டுமே இணைப்பு, டிசி தரைக்குப் போக வழியே இல்லை என்று அது சொல்லப் பார்க்கிறது. அதே பிழையோடு பலகையில் மாட்டினால் ஆப்-ஆம்ப்பின் பயாஸ் கரண்ட் போக வழியில்லாமல் வெளியீடு ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது டூல்கள். இதில் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேர்முகத்துக்கு வருகிறவர்கள் லேப்டாப்பில் வைத்திருப்பது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. யார் கொடுத்தது என்றால் "லேப்ல பென்டிரைவ்ல குடுத்தாங்க சார்" என்கிறார்கள். நேர்மையாக மாணவர் பதிப்பை வைத்திருப்பவர்களும் உண்டு. ஸ்பைஸின் வணிக வடிவமான பிஸ்பைஸின் பழைய மாணவர் பதிப்பு ஒன்றில் 64 நோடு, 10 டிரான்சிஸ்டர்தான் வரம்பு. 741க்குள் இருப்பதே 20 டிரான்சிஸ்டர் பக்கம். நாம் லேபில் முதலில் கையில் கொடுக்கிற ஐசியின் உள்ளே எட்டிப்பார்க்கக்கூட அது போதாது.

இத்தனைக்கும் ஸ்பைஸ் பிறந்ததே ஒரு வகுப்பறையில். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1969-70 வாக்கில் ரான் ரோரர் என்ற ஆசிரியர் தன் மாணவர்களை ஒரு சிமுலேட்டர் எழுத வைத்தார். பேராசிரியர் டான் பெடர்சன் பார்த்து ஒப்புக்கொண்டால் எல்லோரும் பாஸ் என்பதுதான் பரீட்சை. அந்த மாணவர்களில் ஒருவர் லாரன்ஸ் நேகல். அந்த புரோகிராமுக்கு கேன்சர் என்று பெயர் வைத்தார்கள். 'கதிர்வீச்சு நீங்கலாக' என்பது அந்தப் பெயரின் விரிவில் ஒரு பகுதி. அப்போதைய சிமுலேட்டர்கள் பல ராணுவப் பணத்தில் கதிர்வீச்சு விளைவுகளைக் கணக்கிடவே எழுதப்பட்டவை. எங்களுக்கு அந்த வேலை வேண்டாம் என்ற மாணவக் குறும்பு அது. அதிலிருந்து வளர்ந்த ஸ்பைஸை 1973ல் கனடாவின் வாட்டர்லூ மாநாட்டில் பெடர்சன் அறிமுகப்படுத்தினார். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு வாத்தியார் இலவசமாகக் கொடுத்ததன் வாரிசுகளை நாம் திருடி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஸ்பைஸின் நேரடி வாரிசான என்ஜிஸ்பைஸ் இன்றும் இலவசம், திறந்த மூலம். சர்க்யூட் பலகை வரையும் மென்பொருளான கிகேட், 2018ல் வந்த தன் ஐந்தாம் பதிப்பிலிருந்து அதை உள்ளேயே வைத்திருக்கிறது. ஸ்கெமாட்டிக் போட்டு, ஓட்டிப் பார்த்து, அதே படத்திலிருந்து பிசிபிக்குப் போகலாம். எல்டிஸ்பைஸ் திறந்த மூலம் இல்லை, ஆனால் காசில்லை, நோடு வரம்பில்லை. 1999லிருந்து கிடைக்கிறது, என் தினசரி வேலை அதில்தான். ஐஐடி பாம்பேயின் ஃபாஸி குழு இந்தியக் கல்லூரிகளுக்கென்றே இசிம் என்ற டூலைக் கட்டியிருக்கிறது. அதன் அடியிலும் என்ஜிஸ்பைஸும் கிகேடும்தான். சிப் பக்கம் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு, 2020ல் கூகுளும் சிப் தயாரிப்பு நிறுவனமான ஸ்கைவாட்டரும் சேர்ந்து 130 நானோமீட்டர் பிடிகேவை (சிப் வடிவமைக்கத் தேவையான மாடல்களும் விதிகளும் அடங்கிய தொகுப்பு) பொதுவில் வைத்தார்கள். எக்ஸ்ஸ்கீம், மேஜிக், நெட்ஜென் என்ற இலவச டூல்களைப் போட்டுக்கொண்டால் ஹாஸ்டல் அறையிலேயே ஒரு ஆப்-ஆம்ப்பை லேஅவுட் வரை கொண்டுபோகலாம். மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டம் வழியாகப் பெரிய நிறுவனங்களின் டூல்களும் சில கல்லூரிகளுக்குக் கிடைக்கின்றன. நல்லது. ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பூட்டு விழுகிற அறையில் இருக்கும் டூலில் யாருக்கும் கை பழகாது. வீட்டுக்குக் கொண்டுபோக முடிகிற டூலை முதலில் கொடுங்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். ஒரு சி.ஆர்.ஓ.வுக்கு ஐந்து பேர், மூன்று மணி நேரம், செமஸ்டருக்கு இத்தனை சோதனை என்று லிஸ்ட் இருக்கிறது, முடிக்காவிட்டால் ஆடிட்டில் கேட்பார்கள். தெரியும், என் தங்கை உங்களில் ஒருத்தி, வாரம் தவறாமல் புலம்புகிறாள். பாடத்திட்டக் குழுவினரிடம் அதனால்தான் கேட்கிறேன்: லிஸ்ட்டைப் பாதியாக வெட்டுங்கள். ஆறு சோதனை போதும். அந்த ஆறில் மூன்று கட்டமும் நிரம்பட்டும். முதல் இரண்டு கட்டத்தை வீட்டிலிருந்து முடித்துக்கொண்டு வரச் சொன்னால், லேப் நேரம் முழுக்க மூன்றாவதுக்குக் கிடைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஐசி போலியாக இருந்து அளவு தாறுமாறாக வந்தால், அதையும் அப்படியே எழுதட்டும். போலி ஐசியைக் கண்டுபிடித்த மாணவருக்கு நான் நேர்முகமே வைக்க மாட்டேன், நேராக ஆர்டர்தான்.

ஒரு பயம் நியாயமானது. மூன்றும் ஒத்துப்போகாத ரெக்கார்டைப் பார்த்து எக்ஸ்டர்னல் மார்க்கைக் குறைத்துவிட்டால்? அதற்காகத்தான் இதை ஒரு ஆசிரியரின் விருப்பத்துக்கு விடாமல் மதிப்பெண் முறையிலேயே எழுதி வையுங்கள் என்கிறேன். 'ஒத்துப்போகாவிட்டாலும் விளக்கம் இருந்தால் முழு மதிப்பெண்' என்று ஒரு வரி அச்சில் இருந்தால், நான் அன்று செய்ததுபோல் ரீடிங் புனைய வேண்டிய அவசியம் எந்தப் பிள்ளைக்கும் வராது.

என் பங்குக்கு: எங்கள் பட்டறையில் ஓரமாக ஒதுக்கிய 10 கிலோ லோட் செல்கள் முப்பது கிடக்கின்றன. எடைக்கடைக்குத் தேறாதவை, லேபுக்குத் தாராளம். எந்தக் கல்லூரி மூன்று கட்ட ரெக்கார்டை ஒரு செமஸ்டர் முயன்று பார்க்கிறதோ, அவர்களுக்கு முப்பதையும் தந்துவிடுகிறேன். ஒரு எல்எம்358, ஒரு சாப்பர் ஐசி, ஒரு ஹேர் டிரையர் வைத்தால் சோதனை தயார். சனிக்கிழமைகளில் நானும் வந்து நிற்பேன். தட்டில் ஒன்றும் வைக்காமல் எண் ஏறுவதை அவர்கள் பார்க்கும்போது அருகில் இருக்க ஆசை.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு சர்க்யூட் ஆசாமி

பி.கு.: வைவாவுக்கு ஒரு கேள்வி இலவசம். சிமுலேட்டரில் ஃபில்டர் வேலை செய்யவே இல்லை, படம் சரி, மதிப்பெல்லாம் சரி, ரெசிஸ்டருக்கு 1எம் என்றுதான் போட்டிருக்கிறது. எங்கே தவறு? ஸ்பைஸில் எம் என்றால், பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, மில்லிதான். மெகாவுக்கு மெக் என்று முழுதாக அடிக்க வேண்டும். ஒரு மில்லி ஓம் ரெசிஸ்டரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.